பதிவேட்டில் இல்லாத பெயர்

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கப் போகிறவர் முதலில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அதன் எண் 4473. பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த இடம், உயரம், எடை, இனம் என்று கட்டங்கள் இருக்கும். அவற்றுக்குக் கீழே, ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் வரும். ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரா? போலீசால் தேடப்படுபவரா? சட்டவிரோதப் போதைப்பொருள் பழக்கம் உண்டா? மனநலக் காரணத்துக்காக மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டதுண்டா? குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை உண்டா? கையெழுத்துப் போட்ட பிறகு கடைக்காரர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, இணையம் வழியாகவோ தொலைபேசியிலோ எஃப்.பி.ஐ.யைக் கேட்பார். பெரும்பாலான சோதனைகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வரக்கூடிய பதில்கள் மூன்றுதான்: கொடுக்கலாம், பொறுங்கள், கொடுக்கக் கூடாது.

துப்பாக்கி பற்றிய அமெரிக்க விவாதம் எப்போதும் உரிமையில் தொடங்கி உரிமையிலேயே சுற்றி வருகிறது. அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம், தற்காப்பு, சுதந்திரம் எல்லாம் பெரிய சொற்கள். அவற்றின் சத்தத்தில் ஒரு சின்னக் கேள்வி அமுங்கிப்போகிறது. அந்த மூன்று பதில்களில் ஒன்றைத் தரும் பதிவேட்டில் எழுதுவது யார்? எழுத வேண்டியவர் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? ஒருவருடைய பெயர் பதிவேட்டில் இல்லையென்றால் அவருக்குத் துப்பாக்கி கிடைக்கும். பதிவேடு அவரைத் தீர விசாரித்துச் சொன்ன பதிலா, அவரைப் பற்றி எதுவுமே அறியாமல் சொன்ன பதிலா என்று கடைக்காரருக்குத் தெரிய வழியில்லை. கடந்த 20 ஆண்டுகளில் அமெரிக்காவை உலுக்கிய சில படுகொலைகளின் கோப்புகளைப் பின்னோக்கிப் புரட்டினால், அதில் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து அனுப்பப்படாத ஒரு தாள் இருக்கிறது.

யாரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று நாடு முழுமைக்குமாகப் பட்டியலிட்டது 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1963இல் அதிபர் கென்னடியைச் சுட்ட துப்பாக்கி, சிகாகோ கடை ஒன்றிலிருந்து பொய்ப் பெயரில் தபாலில் வரவழைக்கப்பட்டது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த அக்டோபரில் அதிபர் லிண்டன் ஜான்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். துப்பாக்கிகளைப் பதிவு செய்வதும் வைத்திருப்போருக்கு உரிமம் வழங்குவதும் சட்டத்தில் இடம்பெறாமல் போனதை அன்றைக்கே அவர் குறையாகச் சொன்னார். விலக்கப்பட்டோர் பட்டியல் உருவாகிவிட்டது. எதிரே நிற்பவர் அந்தப் பட்டியலில் உள்ளவரா என்று சோதிக்கத்தான் யாரும் இல்லை. வாங்குபவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். கால் நூற்றாண்டு காலம் இப்படித்தான் நடந்தது.

1980 அக்டோபரில் ஜான் ஹிங்க்லி என்ற இளைஞர் டாலஸ் நகரின் அடகுக் கடை ஒன்றில் பாயிண்ட் 22 ரக ரிவால்வர் வாங்கினார். அதற்குச் சில நாட்கள் முன்புதான் நாஷ்வில் விமான நிலையத்தில் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகளோடு பிடிபட்டிருந்தார். 1981 மார்ச் 30 அன்று அந்த ரிவால்வரால் அவர் அதிபர் ரீகனைச் சுட்டார். ரீகனின் செய்தித் தொடர்புச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. அதன் பிறகு அவருக்குச் சக்கர நாற்காலி வாழ்க்கைதான். அவரும் அவர் மனைவி சாராவும் பல ஆண்டுகள் நாடாளுமன்றப் படிகளில் ஏறி இறங்கினார்கள். 1993 நவம்பர் 30 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்துக்கு பிரேடியின் பெயரே வைக்கப்பட்டது.

அந்தச் சட்டம் இரண்டு கட்டமாக வந்தது. கணினி முறை தயாராகும் வரை, கைத்துப்பாக்கி வாங்குபவர் ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் உள்ளூர்க் காவல் தலைவர் அவருடைய பின்னணியை விசாரிக்க வேண்டும். இதை எதிர்த்து மொன்டானாவைச் சேர்ந்த ஜே பிரின்ட்ஸ், அரிசோனாவைச் சேர்ந்த ரிச்சர்ட் மேக் என்ற இரு ஷெரிஃப்கள் நீதிமன்றம் போனார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் திட்டத்தை நடத்தித் தரும்படி மாநில, உள்ளூர் அதிகாரிகளுக்குக் கட்டளையிட நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே கணினி முறை வரவிருந்ததால் இந்தத் தீர்ப்பு அப்போது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. அதன் பலன் வேறொரு பக்கத்தில் வந்து விழுந்தது. ஆவணங்கள் பெரும்பாலும் மாநிலங்களின் கையில்தான் இருந்தன. கைது செய்வது ஊர்ப் போலீஸ், தண்டிப்பது மாநில நீதிமன்றம், மனநல உத்தரவு போடுவது உள்ளூர் நீதிபதி. இவர்கள் எல்லோரையும் பார்த்து, உங்கள் ஆவணங்களை அனுப்பியே ஆக வேண்டும் என்று வாஷிங்டன் உத்தரவிட முடியாது. நிதி தருகிறோம், அனுப்புங்கள் என்று கேட்கலாம், அவ்வளவுதான்.

இந்த அடித்தளத்தின் மேல்தான் 1998 நவம்பர் 30 அன்று தேசிய உடனடிக் குற்றப் பின்னணிச் சோதனை முறை செயல்படத் தொடங்கியது. சுருக்கமாக அதை 'நிக்ஸ்' என்பார்கள். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் கிளார்க்ஸ்பர்க் ஊரில், எஃப்.பி.ஐ.யின் பெரிய தகவல் மையத்திலிருந்து அது இயங்குகிறது. கலிஃபோர்னியா, பென்சில்வேனியா, ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்கள் தாங்களே சோதனை நடத்திக்கொள்கின்றன. மற்ற பல மாநிலங்களின் கடைகள் நேராக எஃப்.பி.ஐ.யைக் கேட்கின்றன. பெருந்தொற்று பரவிய 2020இல் மட்டும் நாடு முழுவதும் 3 கோடியே 90 லட்சத்துக்கு மேல் சோதனைகள் நடந்தன. அவை எல்லாம் விற்பனையாக முடியவில்லை. துப்பாக்கி வைத்திருக்கும் அனுமதிக்கான மறுசோதனைகளும் அந்தக் கணக்கில் அடங்கும்.

கேள்வி கேட்டவுடன் மூன்று தரவுத்தளங்களில் தேடல் நடக்கிறது. முதலாவது, மாநிலங்களின் குற்றப் பதிவுகளை இணைக்கும் அடையாளக் குறியீடு. இரண்டாவது, தேடப்படுவோர், குடும்ப வன்முறைத் தடை உத்தரவு பெற்றோர் முதலானவர்களைக் கொண்ட தேசியக் குற்றத் தகவல் மையம். மூன்றாவது, இந்தச் சோதனைக்கென்றே உருவாக்கிய விலக்கப்பட்டோர் பட்டியல். கட்டாய மனநலச் சேர்க்கை போன்ற விவரங்கள் இதில்தான் இருக்கும். வாங்குபவர் குடிமகன் இல்லையென்றால் குடியேற்றத் துறையின் பதிவுகளையும் பார்ப்பார்கள்.

இதில் முதல் தரவுத்தளத்தின் இயல்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருவர் கைதாகும்போது எடுக்கும் கைரேகை அட்டை எஃப்.பி.ஐ.க்குப் போய்ச் சேர்ந்தால்தான் அவருக்கு அதில் ஒரு பதிவு பிறக்கும். வழக்கு எப்படி முடிந்தது என்பது நீதிமன்றத்திலிருந்து தனியாக, பெரும்பாலும் பல மாதங்கள் கழித்து வர வேண்டும். கைது எழுதுவது ஓர் அலுவலகம், தீர்ப்பு எழுதுவது வேறோர் அலுவலகம். கைது பதிவாகி, தீர்ப்பு பதிவாகாமல் பாதியில் நிற்கும் வழக்குகள் ஏராளம். வெறும் கைது ஒருவரின் உரிமையைப் பறிக்காது, பறிக்கவும் கூடாது. ஆகவே கிளார்க்ஸ்பர்க்கில் இருக்கும் ஊழியர் திரையில் ஒரு கைதை மட்டும் பார்த்தால், "பொறுங்கள்" என்று கடைக்குச் சொல்லிவிட்டு, முடிவைத் தேடித் தொலைபேசியையும் ஃபேக்ஸையும் கையில் எடுக்க வேண்டும். உடனடி என்ற சொல் அந்த இடத்தில் முடிந்துபோகிறது.

தேடுவதற்கும் ஒரு கெடு உண்டு. மூன்று வேலை நாட்களுக்குள் எஃப்.பி.ஐ. மறுக்கவில்லை என்றால், கடைக்காரர் விரும்பினால் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். அரசு இழுத்தடித்தே குடிமக்களின் உரிமையை முடக்கிவிடக் கூடாது என்பது இந்த விதிக்குச் சொன்ன நியாயம். நியாயமான கவலைதான். ஆனால் அரசு தேடி முடிக்காததன் விலையை யார் தலையில் வைப்பது என்பதையும் அந்த விதி சத்தமில்லாமல் முடிவு செய்துவிட்டது. 2015இல் தென் கரோலினாவில் நடந்ததைப் படிப்படியாகப் பார்த்தால் அது தெரியும்.

2015 ஏப்ரல் 11, சனிக்கிழமை. 21 வயது இளைஞன் ஒருவன் கொலம்பியா நகரை ஒட்டிய கடை ஒன்றில் கைத்துப்பாக்கிக்குப் படிவம் நிரப்பினான். பதில்: பொறுங்கள். திங்கட்கிழமை ஓர் ஊழியரின் கைக்கு அவனுடைய கோப்பு வந்தது. கொஞ்ச நாள் முன்பு போதைப்பொருள் வைத்திருந்ததாக அவன் கைதானது திரையில் தெரிந்தது. கைது செய்தது லெக்சிங்டன் கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகம் என்று பதிவு சொன்னது. அது தவறு, அவனைக் கைது செய்தது கொலம்பியா நகரப் போலீஸ். ஊழியர் லெக்சிங்டனுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார். வழக்கு எங்களுடையதல்ல, கொலம்பியா போலீசைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. இங்கே முடிச்சு அவிழ்ந்திருக்க வேண்டும். ஊழியர் தன்னிடமிருந்த தொடர்புப் பட்டியலில் லெக்சிங்டன் கவுன்ட்டியின் கீழே பார்த்தார். கொலம்பியாவின் பெரும்பகுதி பக்கத்து ரிச்லண்ட் கவுன்ட்டியில் இருப்பதால், லெக்சிங்டனின் கீழ் அந்தப் பெயர் இல்லை. இருந்தது மேற்கு கொலம்பியா. அது வேறு ஊர், வேறு போலீஸ். அவர்களைக் கேட்டார். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். தேடல் அதோடு நின்றது.

கொலம்பியா போலீசின் அறிக்கையில், போதைப்பொருள் தன்னுடையது என்று அவன் ஒப்புக்கொண்டது எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரி போதும், போதைப் பழக்கம் உள்ளவர் என்ற பிரிவில் அவனுக்குத் துப்பாக்கியை மறுத்திருக்கலாம். அது அந்த ஊழியரின் கண்ணில் படவேயில்லை. ஏப்ரல் 16, வியாழக்கிழமை: மூன்று வேலை நாட்கள் கடந்துவிட்டன, மறுப்பு வரவில்லை. கடை துப்பாக்கியைக் கொடுத்தது. சட்டப்படி அதில் குற்றமில்லை. ஜூன் 17 இரவு, சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் பழம்பெரும் தேவாலயமான எமானுவேலில் விவிலிய வகுப்புக்கு வந்திருந்தவர்களோடு அவன் உட்கார்ந்தான். பிறகு ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான்.

மூன்று வாரம் கழித்து, அவனுக்கு அந்தத் துப்பாக்கி கிடைத்திருக்கவே கூடாது என்று எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி பொதுவில் ஒப்புக்கொண்டார். குடும்பங்கள் தொடுத்த வழக்கில் இன்னொன்றும் வெளிவந்தது. நாடெங்கும் உள்ள போலீஸ் அறிக்கைகளைத் திரட்டி வைத்த வேறொரு தரவுத்தளம் எஃப்.பி.ஐ.யிடமே இருந்தது. கொலம்பியா போலீசின் அறிக்கை அதில் இருந்தது. துப்பாக்கிச் சோதனை ஊழியர்கள் அதைத் திறந்து பார்ப்பதற்கு எஃப்.பி.ஐ.யின் கொள்கையே தடை. ஒரே நிறுவனத்தின் ஓர் அறையில் விடை இருந்தது, பக்கத்து அறையில் கேள்வி இருந்தது. 2018இல் மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் கெர்கல் இந்த ஏற்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தும், சட்டம் அரசுக்குப் பாதுகாப்பு தருகிறது என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி வழக்குக்கு உயிர் கொடுத்தது. 2021 அக்டோபரில் அரசு 8 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

அந்த ஊழியர் மேல் பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாளெல்லாம் பல கோப்புகளைக் கையாளும் ஒருவருக்கு அரைகுறைத் தொடர்புப் பட்டியலைக் கையில் கொடுத்து, விடை இருக்கும் அறையைப் பூட்டி வைத்து, மூன்று நாள் கெடுவும் விதித்தவர்கள் யார் என்று கேட்பதே நேர்மையான கேள்வி.

தேடலுக்குள் நடந்த தவறு இது. தேடுவதற்கே எதுவும் இல்லாமல் போனதற்கு டெக்சாஸ் உதாரணம். 2017 நவம்பர் 5 அன்று சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். வயிற்றில் இருந்த சிசுவையும் சேர்த்த கணக்கு இது. சுட்டவன் முன்னாள் விமானப்படை வீரன். மனைவியையும் சின்னஞ்சிறு வளர்ப்பு மகனையும் அடித்துத் துன்புறுத்தியதற்காக 2012இல் ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவன். சட்டப்படி வாழ்நாள் முழுக்க அவன் துப்பாக்கியைத் தொடக் கூடாது. ஆனாலும் உரிமம் பெற்ற கடைகளிலேயே வாங்கினான். சோதனை ஒவ்வொரு முறையும் அவனுக்குக் 'கொடுக்கலாம்' என்றது. ஏனென்றால் விமானப்படை அவனுடைய கைரேகையையும் தீர்ப்பு விவரத்தையும் எஃப்.பி.ஐ.க்கு அனுப்பவே இல்லை. கைரேகையை அனுப்ப நான்கு சந்தர்ப்பங்களும் தீர்ப்பை அனுப்ப இரண்டு சந்தர்ப்பங்களும் இருந்து, அத்தனையும் தவறவிடப்பட்டன என்று பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் கண்டது. அதே அலுவலகம் முப்படைகளிலும் தண்டனை பெற்ற 2,502 பேரின் கோப்புகளைப் புரட்டியபோது 601 கைரேகை அட்டைகளும் 780 தீர்ப்பு விவரங்களும் போய்ச் சேராதது தெரிந்தது. இவை மாநிலங்களின் கோப்புகள் அல்ல. கட்டளையிட முடியாத ஷெரிஃப்கள் யாரும் இதில் இல்லை. மத்திய அரசின் ஒரு கை மற்றொரு கைக்குத் தகவல் கொடுக்கவில்லை. 2021இல் நீதிபதி சேவியர் ரோட்ரிகஸ், நடந்த பேரழிவுக்கு அரசு 60 சதவீதம் பொறுப்பு என்று தீர்ப்பெழுதினார். அதாவது சுட்டவனைவிட அரசின் பங்கு பெரியது என்றார்.

இரண்டுக்கும் முந்தியது வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். 2005 டிசம்பரில் ஒரு மாணவன் தனக்கே ஆபத்தானவன் என்று நீதிமன்றம் முடிவு செய்து, வெளிநோயாளியாகக் கட்டாயச் சிகிச்சை பெற உத்தரவிட்டது. மத்தியச் சட்டத்தின்படி அதுவே தடைக்குப் போதுமானது. மருத்துவமனைக்குள் சேர்க்கப்பட்டவர்களை மட்டுமே அனுப்புவது என்று வர்ஜீனியா தன் வழக்கத்தை வைத்திருந்தது. 2007 தொடக்கத்தில் அவன் இரண்டு துப்பாக்கிகள் வாங்கினான், இரண்டு சோதனைகளையும் தாண்டினான். ஏப்ரல் 16 அன்று 32 பேரைக் கொன்றான். மனநலப் பதிவுகளை அனுப்புவதில் அப்போது முன்னணியில் இருந்த மாநிலங்களில் ஒன்று வர்ஜீனியா. மற்ற மாநிலங்கள் இருந்த நிலையை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். 2008 ஜனவரியில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட திருத்தச் சட்டமும் மாநிலங்களுக்கு நிதியைக் காட்டி ஊக்குவித்ததே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. சதர்லண்ட் ஸ்பிரிங்ஸுக்குப் பிறகு 2018 மார்ச்சில் வந்த திருத்தம் மத்திய அரசுத் துறைகளைக் கொஞ்சம் இறுக்கியது: ஆண்டுக்கு இருமுறை கணக்குக் காட்ட வேண்டும்.

இந்த முறை தவறும் திசை ஒன்று மட்டுமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தேடல் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து நடக்கிறது, கைரேகையை வைத்து அல்ல. குற்றவாளியின் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகும் அப்பாவி, ஒவ்வொரு முறையும் காக்க வைக்கப்படுகிறார். சிலர் மறுக்கவும் படுகிறார்கள். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. தன் கைரேகையை எஃப்.பி.ஐ.யிடம் விருப்பத்தோடு கொடுத்து, தனி அடையாள எண் வாங்கிவைத்துக்கொண்டால் மறுமுறை தொல்லை இல்லை. ஆனாலும் பொதுப் பெயர் கொண்ட குடிமகன் தான் வேறு ஆள் என்று நிரூபிக்க வேண்டிய நிலை வருவது சிறிய விஷயமில்லை. மனநலப் பதிவுகள் குவியும்போது, சிகிச்சைக்குப் போனால் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து போகாமல் இருப்பவர்களும் இருப்பார்கள். பதிவேட்டை நிறைக்கச் சொல்பவர்கள் இவர்களையும் நினைவில் வைக்க வேண்டும்.

மறுக்கப்பட்ட பிறகு என்ன நடக்கிறது? பொய் சொல்லிக் கையெழுத்திடுவது குற்றம் என்று படிவமே எச்சரிக்கிறது. 2017 நிதியாண்டில் எஃப்.பி.ஐ. மறுத்தவை சுமார் 1,12,000. அவற்றில் விசாரணைக்குப் போனவை சுமார் 12,700. மத்திய வழக்கறிஞர்கள் வழக்குத் தொடுத்தவை 12. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட எண்கள் இவை. மறுப்பு கிடைத்தவர் கடையை விட்டு வெளியே வந்து என்ன செய்தார் என்று பெரும்பாலும் யாரும் பின்தொடர்வதில்லை. 2014இல் மறுக்கப்பட்ட டெக்சாஸ் ஆள் ஒருவர் இரண்டு ஆண்டு கழித்துத் தனிநபர் ஒருவரிடம் துப்பாக்கி வாங்கினார். உரிமம் இல்லாத தனிநபர் விற்பனைக்கு மத்தியச் சட்டத்தில் பின்னணிச் சோதனை கிடையாது. 2019 ஆகஸ்ட் 31 அன்று மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் அவர் அதனால் சுட்டதில் ஏழு பேர் இறந்தார்கள்.

இலினாய் மாநிலத்தின் அரோரா நகரில் நடந்தது இன்னொரு விதம். 1995இல் மிசிசிப்பியில் கொடுந்தாக்குதலுக்குத் தண்டனை பெற்ற ஒருவர் 2014இல் மாநிலத்தின் துப்பாக்கி அடையாள அட்டை வாங்கினார், துப்பாக்கியும் வாங்கினார். பெயர் வழித் தேடலில் பழைய தண்டனை சிக்கவில்லை. மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதிக்கு அவரே விண்ணப்பித்துக் கைரேகை கொடுத்தபோது சிக்கியது. அட்டையை ரத்து செய்து, துப்பாக்கியை ஒப்படைக்கும்படி கடிதம் போனது. அதை வாங்கி வர ஒருவரும் போகவில்லை. 2019 பிப்ரவரியில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட நாளில், அந்தத் துப்பாக்கியாலேயே அவர் ஐந்து சக தொழிலாளர்களைக் கொன்றார். இங்கே தரவுத்தளம் தாமதமாகவேனும் சரியான விடையைச் சொன்னது.

அரசு எதை நினைவில் வைக்கக் கூடாது என்பதும் சட்டத்தில் உண்டு. அனுமதிக்கப்பட்ட சோதனையின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பட்டியல் எதையும் உருவாக்கக் கூடாது. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று கண்டுபிடிக்க, மார்ட்டின்ஸ்பர்க் ஊரில் இதற்கென உள்ள மத்திய அரசு மையத்தின் ஊழியர்கள் தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, கடை என்று ஒவ்வொருவராக அழைத்து, கடைசியில் ஒரு 4473 படிவத்தைத் தேடுகிறார்கள். மூடப்பட்ட கடைகளின் படிவங்கள் பெட்டி பெட்டியாக அங்கே வந்து குவிகின்றன. படம் பிடித்து வைத்தாலும் பெயரைத் தட்டித் தேடும்படி அமைக்கச் சட்டம் விடுவதில்லை. அரசின் மேல் உள்ள பழைய பயம் இதன் காரணம். அந்தப் பயத்தை மதிக்கலாம். ஆனால் அதே சமூகம், விலக்கப்பட்டவர்களின் பதிவேட்டை முழுமையாக்குவதில் இவ்வளவு கறார் காட்டவில்லை.

மூன்று நாள் கெடுவைப் பத்தாக்கும் மசோதா 2019இலும் 2021இலும் கீழவையில் நிறைவேறியது, செனட்டில் நின்றுபோனது. 2022 மே 24 அன்று யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் 18 வயது நிறைந்தவுடன் சட்டப்படி துப்பாக்கி வாங்கியவன். ஒரு மாதத்துக்குள், சுமார் 30 ஆண்டுகளில் முதல்முறையாக, இரு கட்சிகளும் சேர்ந்து ஒரு பெரிய துப்பாக்கிச் சட்டத்தை நிறைவேற்றின. ஜூன் 25 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்டார். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் வாங்க வந்தால் எஃப்.பி.ஐ. இனி தரவுத்தளத்தோடு நிற்கக் கூடாது. அவர் வசிக்கும் மாநிலத்தின் சிறார் குற்றப் பதிவகம், மனநலப் பதிவுக் காப்பாளர், உள்ளூர்ப் போலீஸ் ஆகிய மூவரையும் நேராகக் கேட்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் பத்து வேலை நாட்கள் வரை நிறுத்தி வைக்கலாம். மூவருக்கும் பதில் சொல்லும் கட்டாயம் இல்லை. ஷெரிஃப்கள் வென்ற 1997 பிரின்ட்ஸ் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. கேட்கும் கடமைக்கே சட்டம் ஒரு முடிவுத் தேதி வைத்திருக்கிறது. புதுப்பிக்கப்படாவிட்டால், மாநில, உள்ளூர் அலுவலகங்களைக் கேட்க வேண்டும் என்ற விதி 2032 செப்டம்பர் 30 அன்று காலாவதியாகிவிடும்.